நாவல் பெற்றெடுத்த உளவுத்துறை

1906 மார்ச் மாதம். லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் ஜெர்மன் சிப்பாய் சீருடையில் சிலர் வரிசையாக நடந்து போனார்கள். அவர்கள் மார்பிலும் முதுகிலும் விளம்பரப் பலகை. ‘டெய்லி மெயில்’ நாளிதழில் தொடங்கவிருந்த தொடர்கதைக்கான விளம்பரம் அது. கதை, ‘1910 படையெடுப்பு’. எழுதியவர் வில்லியம் லெ க்யூ.

1864இல் லண்டனில் பிறந்தவர், தந்தை பிரெஞ்சுக்காரர். எழுத்தில் நயம் தேடினால் ஏமாற்றம்தான். ஆனால் வாசகனின் பயம் எங்கே இருக்கிறது என்பதை மோப்பம் பிடிப்பதில் மனிதர் கெட்டிக்காரர். 1894இல் வெளிவந்த அவருடைய நாவலில் பிரான்சும் ரஷ்யாவும் இங்கிலாந்தின் மீது பாயும். ஜெர்மனி துணைக்கு வரும். பன்னிரண்டு ஆண்டுகளில் அரசியல் காற்று திசை மாறியது. துணைக்கு வந்த ஜெர்மனியே வில்லன் ஆனது.

‘டெய்லி மெயில்’ முதலாளி நார்த்க்ளிஃப் இன்னும் ஒரு படி மேலே போனார். ராணுவக் கணக்கு கிடக்கட்டும், பேப்பர் விற்கக்கூடிய ஊர்கள் வழியாக எதிரிப் படை வரட்டும் என்று கதையின் பாதையையே மாற்ற வைத்தார். இன்றைய டி.ஆர்.பி. ஆசாமிகள் அவரிடம் பாடம் படிக்கலாம்.

1909இல் வந்தது லெ க்யூவின் ‘கெய்சரின் ஒற்றர்கள்’. ஹோட்டல் சர்வர், முடிதிருத்துபவர் என்று இங்கிலாந்தில் பிழைக்க வந்த ஜெர்மானியர் எல்லாம் ஒற்றர்களாக இருக்கலாம் என்றது கதை. வாசகர்கள் நம்பினார்கள். பக்கத்து வீட்டு ஜெர்மானியரைப் பற்றிக் கடிதங்கள் குவிந்தன. லெ க்யூ அவற்றை ராணுவ உளவுப் பிரிவில் இருந்த ஜேம்ஸ் எட்மண்ட்ஸிடம் கொடுக்க, அவர் அரசின் துணைக் குழு முன் அவற்றையும் ஆதாரமாக வைத்தார். போர்த்துறை அமைச்சர் ஹால்டேன் முதலில் நம்பவில்லை. கடைசியில் அவரும் தலையாட்டினார்.

அந்த ஆண்டு அக்டோபரில் ரகசிய சேவைப் பிரிவு பிறந்தது. உள்நாட்டு வேலை வெர்னன் கெல்லிடம், வெளிநாட்டு வேலை மான்ஸ்ஃபீல்ட் கம்மிங்கிடம் போனது. பின்னாளில் எம்.ஐ.5, எம்.ஐ.6 ஆனவை இவைதான்.

ஒற்றர்களே இல்லையா? இருந்தார்கள். ஜெர்மன் கடற்படைக்காகத் துறைமுகங்களை வேவு பார்த்த சிலர். லண்டன் கலிடோனியன் சாலையில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த கார்ல் எர்ன்ஸ்ட், அவர்களுக்குக் கடிதம் கைமாற்றும் தபால்பெட்டியாக இருந்தார். கெல்லின் ஆட்கள் அந்தக் கடிதங்களை ரகசியமாகப் பிரித்துப் படித்தார்கள். 1914இல் எர்ன்ஸ்டுக்கு ஏழு ஆண்டு சிறை. லெ க்யூ வர்ணித்த ஒற்றர் பட்டாளத்தை மட்டும் கடைசிவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அப்படி ஒன்று இருந்ததே இல்லை.

முதல் உலகப் போர் வந்ததும், ஜெர்மானியர் தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், பாதுகாப்பு வேண்டும் என்று லெ க்யூ போலீசை நச்சரித்தார். போலீஸ் அவரைப் பொருட்படுத்தவில்லை. 1927இல் பெல்ஜியத்தில் காலமானார்.

அந்தப் பீதி ஒரு சட்டத்தையும் விட்டுப் போனது. 1911 ஆகஸ்டில், பிரிட்டன் மக்களவை அலுவலக ரகசியச் சட்டத்தை ஒரே நாளில் விவாதம் என்று சொல்ல ஏதுமின்றி நிறைவேற்றியது. அதையொட்டி 1923இல் இந்தியாவிலும் ஒரு சட்டம் வந்தது. பிரிட்டன் தன் 1911 சட்டத்தை 2023இல் நீக்கிவிட்டது. நம்முடைய 1923 சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது.

(தொடரும்)