ஒரு மனிதரை எப்படிப் பதிவது? பொருள்நோக்கு நிரலாக்கம் – ஓர் அறிமுகம்

தமிழ் மொழிமூலம் உயர்தரம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் கற்கச் செல்லும் எங்கள் பிள்ளைகள் பலருக்குப் பொருள்நோக்கு நிரலாக்கம் சிக்கலான பாடமாகத் தெரிகிறது. விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும், கருத்துகளும் புதியவை. ஊடகக் கற்கைகள் படித்த நான் இதனைப் பின்னாளில்தான் கற்றேன். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளிடம் எடுத்த நேர்காணல்களை ஒழுங்குபடுத்த ஒரு சிறு செயலி தேவைப்பட்டது. அதில் நான் விட்ட பிழையே எனக்குப் பாடத்தை விளங்க வைத்தது.

இம்முறையின் தொடக்கம் நோர்வேயில். ஓலே-யோகான் டால், கிறிஸ்டன் நிகார்ட் இருவரும் 1960களில் ஒஸ்லோவிலுள்ள நோர்வே கணினி நிலையத்தில் சிமுலா மொழியை உருவாக்கினர். நிஜ உலகச் செயற்பாடுகளைக் கணினியில் பாவனை செய்து பார்ப்பதே நோக்கம். 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இருவருக்கும் கிடைத்தது.

விரிவுரையில் ‘கிளாஸ்’ எனக் கேட்பது வகுப்பு. அது வெற்றுப் படிவம் போன்றது. நிரப்பிய ஒவ்வொரு படிவமும் ஓர் ‘ஒப்ஜெக்ட்’, அதாவது பொருள். படிவத்தில் தகவல் மட்டுமே இருக்கும்; பொருளில் அத்தகவலைக் கையாளும் முறைகளும் சேர்ந்திருக்கும். ஒரு வகுப்பின் இயல்புகளை இன்னொரு வகுப்பு பெற்றுக்கொள்வது மரபுரிமை.

நான் யாவாவில் ‘நபர்’ என்ற வகுப்பை எழுதி, அதிலிருந்து ‘உயிருடன் இருப்பவர்’, ‘இறந்தவர்’, ‘காணாமல் ஆக்கப்பட்டவர்’ என மூன்று வகுப்புகளைப் பிரித்தேன். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் யாவாவில் ஒரு பொருள் உருவான பின் அதன் வகுப்பை மாற்ற முடியாது.

ஓர் அம்மாவின் பதிவில்தான் அது உறைத்தது. மகன் சரணடைந்ததைத் தன் கண்ணால் கண்டதாக அவர் சொன்னார். ஓர் அலுவலகமோ இறப்புச் சான்றிதழைப் பெறும்படி அவரிடம் சொல்லியிருந்தது. என் செயலியில் இரண்டில் ஒன்றைத்தான் வைக்கலாம்.

‘இறந்தவர்’ என்பதை நான் ஒரு வகை மனிதராக எழுதியிருந்தேன். உண்மையில் அது ஒருவரைப் பற்றி இன்னொருவர் சொன்ன தகவல். ஆகவே ‘நிலைப்பதிவு’ என்ற தனி வகுப்பை எழுதினேன்: என்ன நிலை, யார் சொன்னது, எந்தத் திகதியில். ஒரு நபருக்குப் பல நிலைப்பதிவுகள் இருக்கலாம். இது பொருட்சேர்க்கை. 1994இல் நால்வர் சேர்ந்து எழுதிய ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூலும் மரபுரிமையை விடப் பொருட்சேர்க்கைக்கே முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது.

பிறகு, நிலைப்பதிவுகளை நபர் பொருளுக்குள் மறைத்து, புதியதைச் சேர்க்கும் முறையையும் இருப்பதை வாசிக்கும் முறையையும் மட்டும் வெளியே விட்டேன். அழிக்கும் முறையை எழுதவில்லை. தகவலை இப்படிக் காத்து வைப்பதே உறைபொதியாக்கம்.

மாணவர்களே, கணினியைத் திறக்க முன் பிரச்சினையைத் தமிழில் தாளில் எழுதுங்கள். அதிலுள்ள பெயர்ச்சொற்கள் வகுப்புகளுக்கும் வினைச்சொற்கள் முறைகளுக்கும் நல்ல தொடக்கம். மரபுரிமை வைக்க முன், ‘இது நாளை மாறுமா?’ என்று கேளுங்கள். மாறுமென்றால் தனிப் பொருளாக்குங்கள்.

அந்த மகனின் பெயரில் இப்போது இரண்டு நிலைப்பதிவுகள் உள்ளன. முதலாவது, அம்மா சொன்னது.