மடியில் மறைந்த ஆயுதம்

இராமநாதபுரம் மாவட்டத்தில், சாயல்குடியை அடுத்துக் கடலோரத்தில் மாரியூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. மணலும் பனையும் கடலுமாக விரிந்து கிடக்கும் இந்தக் கரையில் ஓர் ஆள் நடந்து வந்தால் வெகு தொலைவிலேயே தெரிந்துவிடும். அவர் கையில் என்ன இருக்கிறது என்பதும் தெரியும். மறவர் சீமை என்று பெயர் பெற்ற இப்பகுதியின் பழைய ஆயுதங்களும் இந்தத் திறந்த வெளிக்கு ஏற்றவையே. ஈட்டி, கம்பு, வளரி இவற்றுள் எதுவும் ஒளித்து வைப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. தற்காப்புக்கான ஆயுதம் எப்படி ஆடைக்குள் போய் மறைந்தது, அதனால் பயிற்சி எப்படி மாறியது என்பதை இங்கே காண்போம்.

முதலில் வளரி. இது பிறைபோல் வளைந்த எறிகோல்; மரத்தாலோ இரும்பாலோ ஆனது. ஒரு முனை பருத்துக் கனமாகவும், மறுமுனை மெலிந்தும் இருக்கும். மெலிந்த முனையைப் பற்றிச் சுழற்றி எறிவார்கள். சுழன்றுகொண்டே செல்லும் பொருள் எளிதில் திசை தடுமாறாது. பம்பரம் சுழலும்வரை சாயாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே விதிதான். வளரி எறிந்தவர் கைக்கே திரும்பிவரும் என்று சிலர் எழுதுவதுண்டு. கனமான வளரிக்கு அது பொருந்தாது. ஆஸ்திரேலியாவிலும் வேட்டைக்குரிய பெரிய பூமராங்குகள் திரும்பி வருவதில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரியான ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் இந்த ஆயுதத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக் கொடுத்தவர் வேறு யாருமல்லர், சிவகங்கைச் சின்ன மருதுதான்! கைதேர்ந்தவர் எறிந்தால் நூறு கெஜத் தொலைவுக்குள் குறி தப்பாது என்று வெல்ஷ் வியக்கிறார். பின்னர் 1801இல், தமக்குக் கற்றுக்கொடுத்தவரையே எதிர்த்துப் போரிடும் படையில் அவர் இருந்தார். அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

போர் முடிந்ததும் 1801 டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்னாட்டுப் பாளையங்களில் ஆயுதங்களை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் அதன்படி தடையாயின. வெறும் வேலும் துப்பாக்கியும் மட்டும் போகவில்லை. அவற்றைப் பழகும் வழக்கமும் போயிற்று. அந்தப் பழைய வழக்கத்தைப் பொற்காலமாக்கிப் பேச வேண்டியதில்லை. அதே ஆயுதங்கள் கொள்ளைக்கும் பகை தீர்ப்பதற்கும் பயன்பட்டன. ஆயினும் யார் எதில் வல்லவர் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது.

1878இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஆனால் ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ், இந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று தீர்மானம் செய்தது. தற்காப்பு உரிமை என்பது அன்றே விவாதப் பொருளாக இருந்தது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

இதற்கிடையே மேலை நாடுகளில் துப்பாக்கி சிறுத்துக்கொண்டே வந்தது. பழைய திரித் துப்பாக்கியை மறைத்துச் செல்ல வழியே இல்லை. திரி புகைந்துகொண்டே இருக்கும்; நாற்றமும் நெருப்பும் காட்டிக்கொடுத்துவிடும். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எஃகுச் சக்கரம் உரசித் தானே பொறி எழுப்பும் துப்பாக்கி ஐரோப்பாவில் தோன்றியது. மேலங்கிக்குள் மறைத்து வைக்கலாம், வேண்டியபோது சுடலாம். மாக்சிமிலியன் பேரரசர் உடனே அதைத் தடை செய்தார் என்றால் ஆள்வோரின் அச்சம் புரியும். 1836இல் சாமுவேல் கோல்ட் அமெரிக்காவில் சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் தோட்டாக்களைத் தாங்கும் அதன் உருளை ஆடைக்குள் புடைத்துக்கொண்டு தெரியும். 1884இல் பிரான்சில் பால் வியேய் கண்ட புகையற்ற வெடிமருந்து இந்தக் குறையைப் போக்க வழி திறந்தது. கரி படியாத மருந்து என்பதால், வெடியின் உதைப்பைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் நுண்ணிய பொறியமைப்பு சாத்தியமாயிற்று. ஜான் பிரௌனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தில் 1900ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த கைத்துப்பாக்கி அத்தகையது. தட்டையானது, தோட்டாக்கள் பிடிக்குள்ளேயே இருக்கும், துணியில் சிக்கிக்கொள்ள வெளியே நீட்டிய ‘குதிரை’ கிடையாது.

இந்த வகைத் துப்பாக்கிதான் கள்ளத்தனமாக இந்தியாவுக்குள் வந்தது. புதுச்சேரி அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் ஆங்கிலேயரின் ஆயுதச் சட்டம் அங்கே செல்லாது. 1910இல் அங்கு வந்து சேர்ந்த வ.வே.சு. ஐயர் இளைஞர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தார். கரடிக்குப்பம் என்ற ஒதுக்குப்புறமான இடத்தில் அது நடந்தது. பயின்றவர்களுள் ஒருவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் அவர் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைப் பிரௌனிங் துப்பாக்கியால் சுட்டுக் கொன்று, தம்மையும் மாய்த்துக்கொண்டார். இது தற்காப்பன்று, அரசியல் கொலை. ஆனால் மறைத்த ஆயுதம் யாருக்கு ஆதாயம் என்பதை இது காட்டிவிடுகிறது. நேரத்தைத் தேர்ந்துகொள்பவன் தாக்குபவன். தற்காத்துக் கொள்பவனுக்கு அந்த வசதி இல்லை.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். நண்பரை ஓர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லுங்கள். அதன் கீழ்முனையில் உங்கள் விரல்களை விரித்து வையுங்கள். அவர் சொல்லாமல் விடட்டும், நீங்கள் பற்றுங்கள். ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நழுவிய பிறகே பிடிப்பீர்கள். கண் கண்டு, மூளை கட்டளையிட்டு, விரல் மூட ஆகும் காலம் அது: ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. இதுவோ எதிர்பார்த்துக் காத்திருந்த எளிய செயல். ஆடையை விலக்கி, பிடியைப் பற்றி, உருவி, நீட்டிக் குறி பார்ப்பதோ பல அசைவுகளின் தொடர். அச்சம் வந்தால் அட்ரினலின் சுரந்து இதயம் படபடக்கும். நுண்ணிய விரல் வேலை தடுமாறும். பலநூறு முறை செய்து சிறுமூளையில் பதிந்துபோன அசைவுகளே அப்போது கைகொடுக்கும். சைக்கிள் பழகியவர் பிறகு மிதிப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை அல்லவா?

அப்படிப் பழகியவருக்கும் எவ்வளவு நேரம் ஆகும்? அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் டூலர் 1983இல் ஒரு கணக்கை வெளியிட்டார். பயிற்சி பெற்ற ஒருவர் உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுட ஏறத்தாழ ஒன்றரை வினாடி வேண்டும். அதே ஒன்றரை வினாடியில், கத்தி ஏந்திய ஒருவன் 21 அடி ஓடிவந்து விடுகிறான். அஃதாவது ஏழு கெஜம். வெல்ஷ் கண்ட வளரியின் நூறு கெஜம் எங்கே, இந்த ஏழு கெஜம் எங்கே! டூலர் இதைக் கொண்டு இன்னும் வேகமாக உருவுங்கள் என்று சொல்லி முடித்துவிடவில்லை. ஆபத்தைத் தொலைவிலேயே கவனியுங்கள், மறைவுக்குப் பின்னால் நகருங்கள், இடைவெளியைக் கூட்டுங்கள் என்பதே அவர் காவலர்களுக்கு வற்புறுத்தியது.