தீர்வுகட்டப் பகுதி

தீர்வுகட்டப் பகுதி என்பது, ஒரு கருதுகோளை மறுக்கவேண்டிய மாதிரி முடிவுகள் அனைத்தும் அடங்கிய தொகுதி. மறுப்புப் பகுதி, நிராகரிப்புப் பகுதி என்றும் வழங்கும். எஞ்சியது ஏற்புப் பகுதி. இவற்றைப் பிரிக்கும் எல்லை தீர்வுகட்ட மதிப்பு.

விளக்கம்: திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் ஓர் உழவர் நெல் விதை வாங்குவதாகக் கொள்வோம். சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 விழுக்காடு. வாங்கிய விதை அந்தத் தரமுடையது என்பதே இங்குக் கருதுகோள். அந்த அளவில் 400 விதைகளைச் சோதித்தால் சராசரியாக 320 முளைக்கும், திட்டவிலக்கம் 8. எனவே நல்ல விதையிலும் சில முறை எண்ணிக்கை குறையும். 5 விழுக்காடு மிகைகாண் நிலையில், அதாவது சரியான கருதுகோளைத் தவறாக மறுக்கும் வாய்ப்பு 5 விழுக்காட்டைத் தாண்டாதபடி வைத்தால், 306 அல்லது அதற்கும் குறைவாக முளைத்தால் முடிவு தீர்வுகட்டப் பகுதியில் விழுகிறது. விதையின் தரம் மறுக்கப்படும். 307 முதல் ஏற்புப் பகுதி. ஆனால் 307 முளைத்தது தரத்துக்கு நிரூபணம் ஆகாது. மறுக்கப் போதிய சான்று இல்லை என்பதே அதன் பொருள்.

வரலாறு: கார்ல் பியர்சன் 1900இல் தந்த கை-வர்க்கச் சோதனை, முடிவு எவ்வளவு அரிது என நிகழ்தகவால் அளந்தது. ரொனால்ட் ஃபிஷரின் 1925ஆம் ஆண்டு நூல் 5 விழுக்காட்டு வரம்பைப் பரப்பியது. சோதிக்கப்படும் கருதுகோளுக்கு இன்மைக் கருதுகோள் என்ற பெயரை அவர் 1935இல் வழங்கினார். அவரது முறையில் அதற்கு எதிராக நிற்கும் மாற்றுக் கருதுகோளுக்கு இடமில்லை. ஜெர்சி நெய்மனும் எகான் பியர்சனும் மாற்றுக் கருதுகோளைச் சேர்த்து, 1933இல், சரியானதை மறுக்கும் முதல்வகைப் பிழையை ஓர் அளவில் நிறுத்தி, தவறானதை ஏற்கும் இரண்டாம்வகைப் பிழையை இயன்றவரை குறைக்கும் பகுதியே சிறந்த தீர்வுகட்டப் பகுதி என வரையறுத்தனர்.

மூன்றாம் பகுதி: ஆபிரகாம் வால்ட் தொடர்முறைச் சோதனையை வகுத்து 1947இல் நூலாக்கினார். அதில் ஏற்பு, மறுப்பு ஆகியவற்றுக்கு இடையே, இன்னும் மாதிரி எடுக்கச் சொல்லும் தொடர் பகுதி உண்டு. வங்காளச் சணல் பரப்பை அறிய இந்தியப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் படிப்படியாக விரித்த மாதிரி ஆய்வுகளைத் தம் முறைக்கு முன்னோடியாக வால்ட் குறிப்பிட்டார். இந்தியாவில் விரிவுரைப் பயணம் மேற்கொண்டிருந்த அவர், 1950 டிசம்பர் 13 அன்று நீலகிரி மலையில் நேர்ந்த விமான விபத்தில் மனைவியுடன் உயிரிழந்தார்.

சொல்வழக்கு: ஏற்புப் பகுதி என்ற பெயர், கருதுகோள் உண்மையென நிறுவப்பட்டதாக மயங்கவைக்கிறது. ஆகவே முடிவை எழுதும்போது ‘ஏற்கப்பட்டது’ என்பதைவிட ‘மறுக்கப் போதிய சான்றில்லை’ என்பதே பிழையற்ற வழக்கு.