ஷிஃப்ட்+டெலிட்டும் செஞ்சிக்கோட்டை படங்களும்

2025 ஜூலையில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தாங்க இல்லையா, அதில் பதினொன்று மகாராஷ்டிரா, மிச்சம் ஒன்று நம்ம செஞ்சி. செய்தி வந்த அன்னிக்கு ஆளாளுக்குப் பழைய கோட்டைப் படங்களை எடுத்துப் போட்டாங்க. நானும் தேடினேன். 43 படம் இருக்க வேண்டிய ஃபோல்டரில் இருந்தது 11. மீதி எப்படிப் போச்சுங்கிற கதைதான் இது. கொஞ்சம் சொந்தக்கதை, நிறைய வரலாறு. பொறுத்துக்குங்க :-)

2009 பொங்கல் லீவு. பெரியப்பாவோட ராஜகிரி ஏறினோம். அறுபத்தெட்டு வயசு, மூட்டுவலி. வேணாம்னு எல்லாரும் சொல்லியும் கேக்கல. படிக்குப் படி உக்காந்து, உச்சிக்குப் போற வழியில் அந்தப் பாறைப்பிளவுக்கு மேல இருக்கிற பாலத்தைத் தாண்டி, மேலே நின்னு சிரிச்சார். கேமரா நிறைய அவர் படம்தான்.

இறங்கி வந்ததும் கடைத்தெருவில் ஒரு டிடிபி சென்டருக்குப் போய், படங்களை பென் டிரைவுக்கு மாத்தித் தரச் சொன்னேன். கடைக்கார அண்ணன் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவர், கம்ப்யூட்டருக்கு வந்து பதினைஞ்சு வருஷம் ஆச்சாம். மவுஸையே தொடல. கண்ட்ரோல்+ஏ அடிச்சார், ஷிஃப்ட்+டெலிட் அடிச்சார், திரையில் ஏதோ கேட்டது, என்டர் தட்டினார். அப்புறம் பென் டிரைவைத் திறந்து ஷிஃப்ட்+இன்சர்ட். ஒண்ணும் வரல. இன்னொரு தடவை. ம்ஹூம். முகம் வெளுத்துப் போச்சு அவருக்கு.

அன்னிக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்ல. ரொம்ப நாள் கழிச்சு இதோட பூர்வீகத்தைப் படிச்சப்போதான் அந்த அண்ணன் தப்பே பண்ணலைன்னு புரிஞ்சது.

கதை கலிபோர்னியாவில், பாலோ ஆல்டோ ஊர்ல இருந்த ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் தொடங்குது. 1970களில் அங்கே பிராவோன்னு ஒரு எடிட்டர். அதில் கட்டளை கொடுக்க ஒரு நிலை, எழுத்தடிக்க ஒரு நிலை. நிலை மாறினது தெரியாம 'எடிட்'னு ஆங்கிலத்தில் அடிச்சா என்ன ஆகும்? 'ஈ'ன்னா எவ்ரிதிங், மொத்தத்தையும் தேர்ந்தெடு. 'டி'ன்னா டெலிட். 'ஐ'ன்னா இன்சர்ட். கடைசி 'டீ' மட்டும் எழுத்தா உள்ளே போகும். முழுக் கட்டுரையும் காலி, பக்கத்தில் ஒத்தை எழுத்து!

லாரி டெஸ்லர்ங்கிறவருக்கு இந்த 'நிலை' சமாச்சாரமே பிடிக்காது. பின்னாளில் தன் கார் நம்பர் பிளேட்டிலேயே 'நோ மோட்ஸ்'னு போட்டுக்கிட்ட ஆசாமி. ஜின் பதிப்பகத்திலிருந்து வந்த டிம் மாட்டோட சேர்ந்து ஜிப்ஸின்னு ஒரு எடிட்டர் செஞ்சார். கத்தரியால் தாளை வெட்டி, பசை போட்டு வேற இடத்தில் ஒட்டுற பதிப்பக வேலைதான் அதில் கட், பேஸ்ட் ஆச்சு. நம்ம ஊர் அச்சகங்களில் பிராமைடை வெட்டி லே-அவுட் ஒட்டினதைப் பாத்தவங்களுக்கு இது உடனே விளங்கும்.

டெஸ்லர் 1980ல் ஆப்பிளுக்குப் போனார். 1983ல் வந்த லிசாவில் இசட், எக்ஸ், சி, வி நாலும் பக்கத்துப் பக்கத்தில் உக்காந்துடுச்சு. எக்ஸ் கத்தரி மாதிரி, சி காப்பி, வி இடைச்செருகல் குறி மாதிரின்னு விளக்கம் சொல்வாங்க. இசட் அன்டூ. இடது கையாலேயே எல்லாம் எட்டும்.

ஐபிஎம் வேற ரூட் எடுத்தது. 1987ல் அவங்க வகுத்த பொது விதிகளில் கட்டுக்கு ஷிஃப்ட்+டெலிட், காப்பிக்கு கண்ட்ரோல்+இன்சர்ட், பேஸ்டுக்கு ஷிஃப்ட்+இன்சர்ட். ஆரம்பகால விண்டோஸும் இதையேதான் பின்பற்றினது. 90களின் தொடக்கத்தில்தான் எக்ஸ், சி, வி பக்கம் வந்தாங்க. பழசையும் விடல. இன்னிக்கும் நோட்பேடில் ஷிஃப்ட்+டெலிட் அடிச்சுப் பாருங்க, சமர்த்தா கட் ஆகும்.

வில்லங்கம் விண்டோஸ் 95ல் வந்தது. ரீசைக்கிள் பின்னைக் கொண்டுவந்தாங்க. தொட்டிக்குப் போகாம நேரா அழிக்கவும் ஒரு குறுக்குவிசை வேணுமே? அதுக்கு எடுத்தது அதே ஷிஃப்ட்+டெலிட். எழுத்துக்குள்ளே அடிச்சா வெட்டு, ஃபோல்டருக்குள்ளே அடிச்சா சமாதி! ஆனா பேஸ்டுக்கான ஷிஃப்ட்+இன்சர்ட் மட்டும் ஃபோல்டரிலும் பழையபடியே வேலை செய்யும். அண்ணனோட விரல் 1987ல் எழுதின சட்டப்படி சரியாத்தான் நடந்துக்கிச்சு. டெஸ்லர் ஒழிக்கப் பாத்த அதே 'நிலை' பேய் வேற வாசல் வழியா உள்ளே வந்துடுச்சு.

பாதிப் பழி எனக்கும் உண்டு. அழிச்சதும் படம் உடனே போயிடாது, அந்த இடம் காலின்னு குறிப்பு மட்டும் மாறும். மேலே வேற எதையும் எழுதாம இருந்தா மீட்பு மென்பொருள் தோண்டி எடுத்துடும். நான் என்ன பண்ணினேன்? அதே கார்டைப் போட்டு பஸ் ஸ்டாண்டு வரை படமா எடுத்துத் தள்ளினேன். பெரியப்பா மேல நானே மண்ணள்ளிப் போட்ட மாதிரி.

அதனால நான் கத்துக்கிட்டது இவ்ளோதான். ஃபைலை நகர்த்த கண்ட்ரோல்+எக்ஸ் அடிங்க, பேஸ்ட் பண்ற வரைக்கும் ஃபைல் மங்கலாத் தெரியுமே தவிர எங்கேயும் போகாது. ஒரே பிரதின்னா அதுவும் வேணாம், காப்பி பண்ணி, திறந்து பாத்துட்டு, அப்புறம் அழிங்க. பேர் மாத்த எஃப் 2. புது ஃபோல்டருக்கு கண்ட்ரோல்+ஷிஃப்ட்+என், இது 2009ல் வந்த விண்டோஸ் 7ல் இருந்து. கை தவறினா கண்ட்ரோல்+இசட், தொட்டிக்குப் போனதைக்கூடத் திருப்பிக் கொண்டுவரும். ஆனா பென் டிரைவ், கேமரா கார்டுக்கெல்லாம் சாதாரணமா தொட்டியே கிடையாது, வெறும் டெலிட்டும் அங்கே நிரந்தரம்தான். இப்போ வர்ற எஸ்எஸ்டிகளில் அழிச்ச இடத்தை அதுவே துடைச்சுடும், தோண்டி எடுக்கிறதும் கஷ்டம்.

1689ல் ராய்கட்டை முகலாயர் முற்றுகையிட்டதும் ராஜாராம் மராட்டியத் தலைநகரையே கட் பண்ணி செஞ்சியில் பேஸ்ட் பண்ணினார். முகலாயர் முற்றுகை போட்டு 1698ல்தான் கோட்டையைப் பிடிக்க முடிஞ்சது, அதுக்குள்ளே அவர் தப்பிச்சுப் போயிட்டார். இடம் மாறப்போறவன் போய்ச்சேர வழியை முதல்ல பாத்துக்கணும்கிறது ராஜாவுக்குத் தெரிஞ்சிருக்கு :-)

பெரியப்பா 2012ல் போயிட்டார். மிஞ்சின பதினொண்ணில் அந்தப் பாலத்துப் படம் ஒண்ணு இருக்கு. பாதி சாம்பல் பட்டை விழுந்திருக்கும், மீதிப் பாதியில் அவர் சிரிப்பு தெரியும். அது இப்போ மூணு இடத்தில் இருக்கு.