ஹெரால்டு சேஸிஸும் சுரபுன்னைப் பட்டையும்

அம்பாசிடருக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு உண்டு. ஏன்னு தேடினால் வேடிக்கையான கதை.

இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டுக்கு பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953இல் பி.எம்.சி. குழுமம் வாங்கிவிட்டது. அம்பாசிடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு அந்தக் குழுமத்தின் கார்தான். போட்டிக்காரனிடம் இனி பாடி கேட்க முடியாது. அதனால் 1959இல் வந்த ஹெரால்டை, துண்டு துண்டாகச் செய்து ஒரு சேஸிஸ் மேல் போல்ட் போட்டு இணைக்கும்படி வடிவமைத்தார்கள். 1961இலிருந்து சென்னையிலும் அதே கார் தயாரானது.

பாடியைக் கழற்றி மாற்றலாம், சேஸிஸ் போனால் கார் போச்சு. பிச்சாவரம் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவரின் ஹெரால்டில் பெயிண்ட் பளபள. அடியில் குனிந்து பார்த்தால், பாடியைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் கைகள் செதில் செதிலாக உதிர்கின்றன. அவை உள்ளே வெற்றிடமுள்ள பெட்டிகள். உப்புக்காற்று உள்ளே போய்ப் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலோரத்தில் மழையே வேண்டாம், விடியற்காலைக் காற்று போதும். துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே அடிக்கும் பெயிண்ட் என்ன செய்யும்?

கப்பலுக்குக் கட்டுவது போல துத்தநாகக் கட்டி வைக்கலாமே என்று கேட்கலாம். கப்பலின் அடிப்பாகம் கடல்நீரில் முங்கியிருக்கிறது, மின்சுற்று முழுமையாகிறது. காற்றில் நிற்கும் காருக்கு அது உதவாது.

எனக்குப் பிடித்த பகுதி டானின். மரப்பட்டையின் துவர்ப்பு. துருவோடு சேர்ந்தால் கருநீலமான, எளிதில் கரையாத படலமாகிறது. கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சிய அதே வேதியியல். பிச்சாவரத்துச் சுரபுன்னைப் பட்டையில் டானின் ஏராளம்; மலேசிய ஆய்வாளர்கள் அந்த இனத்துப் பட்டையை அரிப்புத் தடுப்பானாகவே சோதித்திருக்கிறார்கள். துருப்பிடிக்க வைக்கும் காற்றடிக்கும் கரையிலேயே மருந்தும் நிற்கிறது! (காப்புக்காடு, பட்டை உரிக்கப் போய்விடாதீங்க. டானின் கலந்த திரவம் கடையிலேயே கிடைக்கும்.)

ஆனால் டானின் உப்பை நீக்காது. சர்வீஸ் ஸ்டேஷனில் அடித்துவிடும் பழைய ஆயிலும் அப்படித்தான். கழுவாமல் அடித்தால் உப்பை உள்ளே பூட்டி வைக்கிறது. முதலில் நல்ல தண்ணீரைப் பெட்டிக்குள் பீய்ச்சிக் கழுவணும், நன்றாகக் காய விடணும், உதிர்வதைச் சுரண்டணும். பிறகுதான் டானின், அதன்மேல் பெயிண்ட், உள்ளே மெழுகு. அடியில் நீர் வடிய விட்டிருக்கும் துளைகளை மெழுகால் அடைத்துவிடக் கூடாது.