சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

முதல் வீடு வாங்கப் போகிறீர்களா? சந்தோஷம். வங்கியில் உங்கள் முன்னால் ஒரு அட்டவணையை நீட்டுவார்கள். பதினைந்து வருஷம் என்றால் மாதம் இவ்வளவு, இருபது வருஷம் என்றால் இவ்வளவு. நீங்களும் சம்பளத்தையும் பள்ளிக்கூட ஃபீஸையும் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, ‘இருபதே போட்டுடுங்க சார்’ என்பீர்கள்.

ரொம்பச் சாதாரணமாகத் தெரிகிற அந்த அட்டவணை அமெரிக்காவில் எப்படிப் பரவலானது தெரியுமா? லட்சக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்த பிறகு!

1920-களின் அமெரிக்காவுக்குப் போவோம். வேலை உண்டு, கார் உண்டு, ரேடியோ உண்டு. வீடு வாங்கத்தான் திண்டாட்டம். வீட்டு விலையில் ஏறக்குறைய பாதியைத்தான் வங்கி கொடுக்கும். மீதியைக் கையிலிருந்து போட வேண்டும். இல்லையென்றால் கூடுதல் வட்டிக்கு இரண்டாவது அடமானம். கெடுவோ மூன்று முதல் ஐந்து வருஷம்தான். பல கடன்களில் அதுவரை வட்டியை மட்டும் கட்டினால் போதும். கெடு முடிகிற அன்று அசல் மொத்தத்தையும் எடுத்து வைக்க வேண்டும்.

யாரால் முடியும்? யாரும் அப்படிக் கட்டவும் இல்லை. ‘இன்னும் அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சுக் கொடுங்க’ என்று கேட்பார்கள். வங்கியும் தலையாட்டும். மாதத் தவணையில் அசலையும் சேர்த்து அடைக்கிற முறையைச் சில கூட்டுறவுச் சங்கங்கள் நடத்திவந்தன. ஆனால், பெரும்பாலான ஊர்களில் புதுப்பிக்கிற கதைதான். வங்கி தலையாட்டுகிற வரை எல்லாம் சுகம்.

1929 அக்டோபரில் பங்குச்சந்தை விழுந்தது. அடுத்த வருஷங்களில் ஆயிரக்கணக்கான வங்கிகள் வரிசையாகக் கவிழ்ந்தன. பிழைத்துக் கிடந்த வங்கிகளுக்கும் பணத் தட்டுப்பாடு. புதுப்பிக்க வந்தவர்களிடம், ‘முடியாது, அசலை எடுத்து வையுங்கள்’ என்றார்கள். ஒரு மாதம்கூடத் தவறாமல் வட்டி கட்டிய மனிதனுக்கும் அதே பதில்தான். 1933-ல் நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் வீடுகள் பறிபோய்க்கொண்டிருந்தன. மாதத்துக்கு அல்ல, நாளைக்கு!

அந்த வருஷம்தான் ரூஸ்வெல்ட் அதிபரானார். ஜூன் மாதம் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கான கடன் கழகம் ஒன்றைத் தொடங்கினார். வங்கியிடம் சிக்கிக் கிடந்த அடமானத்தை, அரசாங்கப் பத்திரம் கொடுத்து இந்தக் கழகம் வாங்கிக்கொள்ளும். வீட்டுக்காரருக்குப் புதுக் கடன் எழுதும். 15 வருஷம், 5 சதவிகித வட்டி, மாதாமாதம் ஒரே தொகை.

ஒரு சின்னக் கணக்கு. கடன் 3,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் 6 சதவிகித வட்டிக்கு மாதம் 15 டாலர். ஐந்து வருஷத்தில் 900 டாலர் கட்டியிருப்பீர்கள். பாக்கி? அதே 3,000! புது முறையில் மாதம் கிட்டத்தட்ட 24 டாலர். முதல் மாதம் அதில் பன்னிரண்டரை வட்டிக்குப் போகும், மிச்சம் அசலில் கழியும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். பதினைந்தாவது வருஷம் பத்திரம் உங்கள் கையில். யாரிடமும் போய்ப் புதுப்பிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம்.

ஏறத்தாழ 19 லட்சம் பேர் மனுப் போட்டார்கள். சுமார் 10 லட்சம் பேருக்குக் கடன் கிடைத்தது. அவர்களிலும் ஐந்தில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் பின்னால் வீட்டை இழந்தார்கள். மற்றவர்கள் தப்பித்தார்கள்.

1934-ல் அடுத்த படி. கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் என்று ஒன்று வந்தது. இது கடன் கொடுக்காது. ‘நீங்கள் கொடுங்கள், திரும்பி வராவிட்டால் நான் பொறுப்பு’ என்று வங்கிகளுக்குக் காப்பீடு கொடுக்கும். தைரியம் வந்த வங்கிகள் விலையில் 80 சதவிகிதம் வரை கடன் தந்தன. கெடு 20 வருஷமாக நீண்டது. 1938-ல் சிறிய புது வீடுகளுக்கு 90 சதவிகிதம், 25 வருஷம்! சாதாரணச் சம்பளக்காரனும் வீடு வாங்கலாம் என்றாயிற்று.

எந்தச் சம்பளக்காரன்? கதையின் கசப்பான பக்கம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

1935-லிருந்து அந்தக் கடன் கழகம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. நல்ல பேட்டைக்குப் பச்சை, அடுத்து நீலம், பிறகு மஞ்சள். ‘ஆபத்தான’ பேட்டைக்குச் சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் கிட்டத்தட்ட எல்லாமே சிவப்பு. காப்பீடு தந்த நிர்வாகமோ இதே எண்ணத்தைத் தன் விதிப்புத்தகத்திலேயே எழுதி வைத்திருந்தது. இனங்கள் கலந்து வாழ்ந்தால் வீட்டு மதிப்பு விழுந்துவிடுமாம்! காப்பீடு இல்லையென்றால் வங்கிக் கடன் கிடைப்பது குதிரைக் கொம்பு. நீங்கள் எவ்வளவு சம்பாதித்தால் என்ன?

1944-ல் போர் வீரர்களுக்கான சட்டம் வந்தது. வீட்டுக் கடனுக்கு அரசே உத்தரவாதம். ஆனால், கடனைத் தர வேண்டியது உள்ளூர் வங்கி. வங்கி கையை விரித்தால் உத்தரவாதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1947-ல் மிஸ்ஸிஸிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் வீடு, தொழில், பண்ணை என்று இப்படி வழங்கப்பட்ட கடன்கள் 3,229. அவற்றில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை எத்தனை? இரண்டு. ஆமாம், வெறும் இரண்டு!

அதே வருஷம் நியூயார்க் அருகே லெவிட்டவுன் என்ற ஊர் முளைக்கத் தொடங்கியது. 1949-ல் அங்கே ஒரு வீடு 7,990 டாலர். போர் வீரர் முன்பணம் தராமலே குடியேறலாம், வெள்ளைக்காரராக இருந்தால். பென்சில்வேனியாவில் கட்டிய இன்னொரு லெவிட்டவுனிலும் கம்பெனி கறுப்பர்களுக்கு விற்கவில்லை. 1957 ஆகஸ்டில் பில் மையர்ஸ், டெய்ஸி மையர்ஸ் தம்பதி அங்கே குடியிருந்த ஒருவரிடமிருந்து வீட்டை வாங்கினார்கள். பில், இரண்டாம் உலகப்போரில் பணியாற்றியவர். வாசலில் கும்பல் கூடியது, கல் பறந்தது. மாநிலப் போலீஸ் வந்துதான் காவல் நின்றது. அவர்கள் ஊரைவிட்டுப் போய்விடவில்லை.

வீடு விற்பதிலும் கடன் தருவதிலும் இன பேதம் கூடாது என்ற சட்டம் வர 1968 ஏப்ரல் ஆனது. மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு ஒரு வாரம் கழித்து! அதற்குள் ஒரு தலைமுறை கழிந்திருந்தது. ஒரு பக்கத்தில் கட்டிய தவணை, பேரன் பேத்திக்குச் சொத்தானது. சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கத்தில் கட்டியது வாடகையாகப் போனது.

பழைய பாடமாவது நினைவிருந்ததா? 2000-களில் அங்கே ஒரு கடன் பிரபலம். முதல் இரண்டு வருஷம் வட்டி குறைவு, பிறகு ஏறும். ‘ஏறுவதற்குள் புதுக் கடனுக்கு மாறிக்கொள்ளலாம்’ என்று ஆசை காட்டினார்கள். வீட்டு விலை விழுந்ததும் புதுக் கடன் தர ஆளில்லை. 2008-ல் உலகமே ஆட்டம் கண்டது. 1920-களின் அதே ‘புதுப்பித்துக்கொள்ளலாம்’ வசனம்தான், சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தது.

ஆகவே அந்த அட்டவணையை நீட்டும்போது, மாதம் எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வட்டி மாறுமா, எப்போது, எதைப் பொறுத்து? முதல் ஐந்து வருஷம் கட்டிய பிறகு அசல் எவ்வளவு மிச்சமிருக்கும்? முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா? மூன்றுக்கும் பதிலை எழுத்தில் கேளுங்கள். ‘அதெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம் சார்’ என்று யாராவது சிரித்தால், பேனாவை மூடிப் பைக்குள் வையுங்கள். மாற்றிக் கொடுக்க அன்றைக்கு அவர் அந்த நாற்காலியில் இருப்பாரா என்ன?