வயதுவந்தோர் என்பவர் யார்? தேசியக் குடும்பநல ஆய்வின் வயது எல்லைகள்

பொதுச் சுகாதார ஆய்வறிக்கைகளின் தொடக்கத்தில், பங்கேற்றோரின் வயது, பால், கல்வி, திருமண நிலை, வாழிடம் முதலியவற்றைத் தொகுத்துக் காட்டும் பின்னணிக் கூறுகள் அட்டவணை ஒன்று இடம்பெறுவது மரபு. வாசகர் பெரும்பாலும் கடந்துபோகும் இந்த அட்டவணையே, அறிக்கையின் முடிவுகள் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தா என்பதை வரையறுக்கிறது. ஆய்வு யாரை வயதுவந்தவராகக் கொள்கிறது என்பதோ அது எந்த நோக்கத்துக்காகப் பிறந்தது என்பதைச் சார்ந்தது.

இந்தியாவின் தேசியக் குடும்பநல ஆய்வு இதற்குத் தக்க சான்று. 1992-93இல் நடந்த முதற் சுற்று மகப்பேறு, குழந்தை இறப்பு, குடும்பக் கட்டுப்பாடு ஆகியவற்றை அறியும் நோக்குடையதாதலால், 13 முதல் 49 வயது வரையிலான, ஒருமுறையேனும் மணமான பெண்களையே அது நேர்காணல் செய்தது. மணமாகாத பெண்களும் 15 முதல் 54 வயது வரையிலான ஆண்களும் 2005-06இல் நடந்த மூன்றாம் சுற்றில்தான் சேர்க்கப்பட்டனர். 2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்றில் 6,36,699 வீடுகளில் 7,24,115 பெண்களும் 1,01,839 ஆண்களும் நேர்காணப்பட்டனர். அதாவது ஓர் ஆணுக்கு ஏறத்தாழ ஏழு பெண்கள். தேர்ந்த வீடுகளுள் ஒரு பகுதியில் மட்டுமே ஆண்களிடம் வினவப்பட்டது இதற்கு முதற் காரணம். மேலும், நேர்காணலுக்குத் தகுதியுடைய பெண்களுள் 97 விழுக்காட்டினர் பதிலளிக்க, ஆண்களுள் 92 விழுக்காட்டினரே பதிலளித்தனர். வேலையின் பொருட்டு வெளியூரில் தங்கும் ஆணைக் கள ஆய்வாளர் வீட்டில் காண்பது அரிதாதலால், விடுபடுவோர் பிறரினின்று வேறுபட்ட வாழ்நிலை உடையவர்கள் என்பதை மறந்துவிடலாகாது. விடுதி, சிறை போன்ற நிறுவனங்களில் வாழ்வோரும் வீட்டு மாதிரிக்கு வெளியே நிற்கின்றனர்.

வயதுக் கூற்றின் நம்பகத்தன்மையும் ஆராயத்தக்கது. பிறப்புச் சான்று இல்லாதோர் தம் வயதை 40, 45, 50 எனச் சுழியிலோ ஐந்திலோ முடியும் எண்களாகச் சொல்வதால், அவ்வெண்களில் மக்கள்தொகை செயற்கையாகத் திரள்கிறது; இது வயதுக் குவிவு எனப்படும். நீண்ட வினாநிரலைத் தவிர்க்க விரும்பும் களப்பணியாளர் 49 வயதுப் பெண்ணை 50 எனப் பதிந்துவிடும் எல்லைப் பெயர்ச்சியும் இவ்வகை ஆய்வுகளில் பல நாடுகளில் அறியப்பட்டதே. வயது எல்லை இருக்கும் இடத்திலேயே தரவு மெலிகிறது என்பது இதன் பொருள்.

வயது எல்லையால் விளையும் குறை தொற்றாநோய் ஆய்வில்தான் கடுமையாக வெளிப்படுகிறது. உயர் ரத்த அழுத்தமும் நீரிழிவும் வயது ஏற ஏற மிகும் இயல்புடையவை. நான்காம் சுற்றில் (2015-16) இவற்றுக்கான அளவீடு பெண்களுக்கு 49 வயதோடும் ஆண்களுக்கு 54 வயதோடும் நின்றது. ஐந்தாம் சுற்றில் 15 வயதைக் கடந்த அனைவருக்கும் விரிந்தது. ஆகவே இரு சுற்றுகளின் மொத்த விழுக்காட்டை அருகருகே வைத்து, இடையில் நோய் இவ்வளவு பெருகிற்று என்று கூறுவது பிழை. பெருக்கத்தின் ஒரு பகுதி முதியோர் சேர்ந்ததன் விளைவே. பொது வயது எல்லைக்குள் மட்டும் ஒப்பிட்டால்தான் உண்மை நிலை தெரியும். அளவீடு விரிந்தபோதும் தனிநபர் நேர்காணல் பழைய எல்லைகளிலேயே நின்றதால், ஐம்பதைக் கடந்த பெண்ணின் ரத்த அழுத்தம் பதிவாகிறது, அவளது உணவுப் பழக்கம் பற்றி அவளிடமே கேட்டறிந்த விடை பதிவாவதில்லை.

இந்த வெற்றிடத்தை 45 வயதுக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கண்காணிக்கும் இந்திய முதுமை நெடுங்கால ஆய்வு ஓரளவு நிரப்புகிறது. எனினும் அரசின் சுகாதாரத் திட்டங்கள் பெரிதும் சார்ந்திருப்பது குடும்பநல ஆய்வையே. ஆதலின் அதன் அடுத்த சுற்றுகளில் தனிநபர் நேர்காணலின் மேல்வயது எல்லை நீக்கப்பட வேண்டும். அதுவரை, ஒவ்வோர் அட்டவணையின் தலைப்பிலும் எவ்வயதினருக்குரிய விழுக்காடு அது என்பதை ஆய்வாளர்கள் தவறாது குறிக்க வேண்டும்.